அலுமினியச் சட்டி ஏன் லேசு, தங்க வளையல் ஏன் கனம்: ஒரே டப்பா, வேற வேற லோடு

போன மாசம் குளச்சல்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மவ பிளஸ் டூ படிக்கா, கெமிஸ்ட்ரில திடநிலைமை பாடத்த விரிச்சு வச்சு உலோகத்தோட அடர்த்தி கண்டுபிடிக்குற கணக்கு போட்டுட்டு இருந்தா. விடையெல்லாம் சரியாத்தான் வருது. ஃபார்முலா மனப்பாடம், கால்குலேட்டர் கையில, அப்புறம் என்ன. ஆனா நடுவுல நிமிந்து பாத்து ஒரு கேள்வி கேட்டா: "மாமா, அலுமினியம் லேசா இருக்கது அணுவெல்லாம் தள்ளித்தள்ளி நிக்கதுனாலதானே? தங்கத்துல நெருக்கி அடைச்சிருக்கும், அதான் அந்தக் கனம்."

நான் பத்து வருஷமா சாயங்காலம் டியூஷன் எடுக்கேன், இந்த நினைப்பு இல்லாத பிள்ளைய இன்னும் பாக்கல. நானும் காலேஜ் ரெண்டாம் வருஷம் வரைக்கும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன், அதுக்கு என்னைச் சொல்லிக் குத்தமில்ல, நம்ம வார்த்தையே அப்படி. அடர்ந்த காடுன்னா மரம் நெருக்கமா நிக்குற காடு, அடர்த்தியான முடின்னா நெருக்கமா வளந்த முடி. அதே வார்த்தைய எடுத்து ஒரு சிசிக்கு எத்தனை கிராம்ங்கிற கணக்குக்கும் பேரா வச்சுட்டாங்க, அப்போ அடர்த்தி கூடுனா நெருக்கம் கூடும்னு பிள்ளைக்குத் தோணத்தானே செய்யும்.

சரி மக்ளே, மூணு உலோகத்த எடுத்துக்குவோம்னு சொல்லி பேப்பர்ல எழுதினேன். அலுமினியம், வெள்ளி, தங்கம். மூணுலயும் அணு அடுக்கியிருக்க விதம் ஒண்ணுதான், முகப்பு மைய கனசதுரம், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்க எஃப்சிசின்னு சொல்லும். திரும்பத் திரும்ப வர அந்தச் சின்ன டப்பாவுக்குப் பாடப்புத்தகத்துல அலகுக்கூடுன்னு பேரு. அதோட ஒரு பக்க நீளம் அலுமினியத்துக்கு 4.05 ஆங்ஸ்ட்ராம், தங்கத்துக்கு 4.08, வெள்ளிக்கு 4.09. ஒரு ஆங்ஸ்ட்ராம்னா ஒரு சென்டிமீட்டர பத்து கோடியா வெட்டுனா வர ஒரு துண்டு. பாத்தீங்கன்னா மூணு டப்பாவும் கிட்டத்தட்ட ஒரே சைஸ், ஒவ்வொண்ணுலயும் நாலு நாலு அணு, அதுலயும் அலுமினிய டப்பாதான் இருக்கதுலயே சின்னது, அதாவது தங்கத்த விட அலுமினியத்துலதான் அணுக்கள் ஒரு இம்மி கிட்டக்க நிக்குது! அப்புறமும் அடர்த்தி 2.7, 19.3. ஏழு மடங்குக்கு மேல. ஏன்னா அலுமினிய அணுவோட எடை 27, வெள்ளி 108, தங்கம் 197. மீன் ஏலத்துல ஒரே சைஸ் பெட்டி மூணு, ஒண்ணுல ஐஸ், ஒண்ணுல கல்லு, ஒண்ணுல இரும்பு இருந்தா எப்படியோ அப்படி. பெட்டி ஒண்ணுதான், லோடுதான் வேற.

மருமவ கொஞ்ச நேரம் பேப்பரயே பாத்துட்டு இருந்தா. "அப்போ நெருக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியா?" இருக்கு, அதுக்கு ஈயத்துக்கிட்ட போவோம், முதல்ல அந்த நாலு அணு எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துட்டுப் போவோம், ஏன்னா அதுலதான் பாதிப் பேரு சறுக்குவான்.

எஃப்சிசி படத்த பாத்தா எட்டு மூலைல எட்டு அணு, ஆறு முகத்துல ஆறு அணு, மொத்தம் பதினாலு தெரியும். புத்தகம் நாலுங்கும். இது எங்கூருக்காரனுக்கு புரியாம இருக்க நியாயமே இல்ல. தென்னை நிக்குற விளைய நினைச்சுக்கோங்க, 25 அடிக்கு ஒரு தென்னை, சதுரச் சதுரமா நட்டிருக்கு. ஒரு சதுரத்த மட்டும் பாத்தா நாலு மூலைல நாலு தென்னை. ஆனா அந்த மூலைத் தென்னை பக்கத்துல இருக்க மூணு சதுரத்துக்கும் சேத்துதானே மூலை, அப்போ நாலு சதுரத்துக்கும் கால் கால் பங்கு. நாலு கால் சேந்தா ஒண்ணு, ஆக ஒரு சதுரத்துக்கு ஒரு தென்னைதான். இத அப்படியே மேலயும் கீழயும் மாடி மாடியா அடுக்குனா மூலைல நிக்கது எட்டு டப்பாவுக்குச் சொந்தம், அதனால எட்டுல ஒரு பங்கு, எட்டு மூலையும் சேந்து ஒண்ணு. முகத்துல நிக்கது பொது மதில் மாதிரி, ரெண்டு வீட்டுக்கும் பாதி பாதி, ஆறு பாதி மூணு. மூணும் ஒண்ணும் நாலு. இரும்போட அடுக்கு வேற, அதுக்குப் பேரு ‘பொருள் மைய கனசதுரம்’, அதான் பிசிசி, அதுல மூலை சேந்து ஒண்ணு, நடு வீட்டுல பங்காளி இல்லாம ஒண்ணு, மொத்தம் ரெண்டு. மூலைல மட்டும் அணு இருக்க எளிய கனசதுரத்துல ஒண்ணே ஒண்ணு, அப்படி அடுக்கிக்கிட்டு நம்ம சாதாரண வெப்பநிலைல நிக்குற தனிமம் பொலோனியம் ஒண்ணுதான், மத்ததெல்லாம் இவ்வளவு இடத்த வேஸ்ட் பண்றதில்ல.

இடம் வேஸ்ட்னு சொன்னதும் இன்னொரு தென்னைக் கணக்கு ஞாபகம் வருது. 25 அடி இடைவெளில சதுரமா நட்டா ஒரு ஏக்கர்ல சுமார் 70 தென்னை நிக்கும், அதே 25 அடிய விடாம முக்கோணமா, அதாவது அடுத்த வரிசைய இடுக்குக்கு நேரா தள்ளி நட்டா சுமார் 80 நிக்கும். எந்த ரெண்டு தென்னைக்கும் நடுவுல இடைவெளி குறையல, ஆனா பத்து மரம் கூடுது. உலோகமும் இதையேதான் செய்யுது. பழக்கடைல ஆரஞ்சுப் பழத்த அடுக்குற மாதிரி, கீழ அடுக்கோட குழில மேல் அடுக்கு உக்காந்தா மொத்த இடத்துல 74 சதவீதம் பழம், மீதி காத்து, எஃப்சிசி இதுதான். பிசிசில 68, எளிய கனசதுரத்துல 52. பழக்கடைக்காரன் அடுக்கத விட நெருக்கமா உருண்டைய அடுக்கவே முடியாதுன்னு 1611ல கெப்ளர் சொன்னாரு, சும்மா சொன்னாரு, நிரூபிக்கல. 1998லதான் ஹேல்ஸ்னு ஒரு கணித ஆளு கம்ப்யூட்டர் துணையோட நிரூபணம் கொடுத்தாரு. முந்நூத்தி எண்பது வருஷத்துக்கு மேல, ஆரஞ்சுப்பழ அடுக்குக்கு!

இப்போ கணக்குக்கு வருவோம். செம்பு. எஃப்சிசி, பக்கம் 3.615 ஆங்ஸ்ட்ராம், அணு எடை 63.55. டப்பாக்குள்ள நாலு அணு, அப்போ 4 × 63.55 = 254.2. இது கிராம் இல்ல, இத்தனை கிராம் வேணும்னா 6.022 × 10²³ டப்பா வேணும், அவகேட்ரோ எண் இங்கதான் வருது. அதால வகுத்தா ஒரு டப்பாவோட எடை 4.22 × 10⁻²² கிராம். டப்பாவோட கன அளவு 3.615ஐ மூணு தடவ பெருக்கு, 47.24 கன ஆங்ஸ்ட்ராம், சிசில சொன்னா 47.24 × 10⁻²⁴. எடைய கன அளவால வகுத்தா 8.94. புத்தகத்துல 8.96னு இருக்கும், சில அட்டவணைல 8.94னே இருக்கும். கண்ணால பாக்க முடியாத ஒரு டப்பாவ அளந்து, வீட்டுல கிடக்குற செம்புக் குடத்தோட அடர்த்திய குடத்தத் தொடாமலே சொல்லிட்டோம், எனக்கு இன்னைக்கும் இது கொஞ்சம் மந்திரம் மாதிரிதான் இருக்கு.

ஒரு குறுக்கு வழி சொல்லுதேன், என் டியூஷன் பிள்ளைங்களுக்கு இதத்தான் சொல்லிக் கொடுப்பேன். ஆங்ஸ்ட்ராம்லயே கன அளவ வச்சுக்கிட்டா அந்த 10⁻²⁴உம் அவகேட்ரோவோட 10²³உம் அடிபட்டு வெறும் 0.6022 மிஞ்சும். அதனால அணு எண்ணிக்கைய அணு எடையால பெருக்கு, டப்பா கன அளவ 0.6022ஆல பெருக்கு, முதல்ல வந்தத ரெண்டாவது வந்ததால வகு, முடிஞ்சுது. அடுக்குக்குறி தொல்லையே இல்ல. பரீட்சைப் பேப்பர்ல ஸ்டெப்ஸ் முழுசா எழுதணும், அது வேற, ஆனா விடைய செக் பண்ண இது போதும். இரும்புக்குப் போட்டுப் பாருங்க: 2 × 55.85 = 111.7, பக்கம் 2.866, கன அளவு 23.54, 0.6022ஆல பெருக்குனா 14.18, வகுத்தா 7.88. புத்தகத்துல 7.87.

அப்புறம் கேள்வில சில நேரம் பக்கத்தக் கொடுக்க மாட்டான், அணு ஆரத்தத்தான் கொடுப்பான், அங்கதான் குழி. ஆரத்த ரெண்டால பெருக்கி அதுதான் பக்கம்னு போட்டுருவா, எங்க மருமவளும் போட்டா. செம்போட ஆரம் 1.278, ரெண்டு மடங்கு 2.556, அத வச்சு அடர்த்தி போட்டா 25.3 வரும். பிழைன்னு எப்படி தெரியும்? உலோகத்துலயே லேசு லித்தியம், 0.53, தண்ணில மிதக்கும். கனத்துல முதல் ஆளு ஆஸ்மியம், 22.59. உன் விடை இந்த ரெண்டுக்கும் வெளிய போச்சுன்னா பேப்பரத் திருப்பிப் பாரு, அவ்வளவுதான். எஃப்சிசில மூலை அணுவும் மூலை அணுவும் தொடாது, நடுவுல முகத்து அணு புகுந்திருக்கு, தொடறது முகத்தோட மூலைவிட்டத்துலதான், அதனால பக்கம்னா ஆரத்தோட 2.828 மடங்கு, 1.278 × 2.828 = 3.614, சரியா வந்துட்டு. பிசிசில முழு டப்பாவோட மூலைவிட்டத்துல தொடும், அங்க 2.309 மடங்கு.

ஆஸ்மியம்னு சொன்னேன்ல, அதுக்கும் இரிடியத்துக்கும் யாரு கனம்ங்கிறதுல ரொம்ப நாள் குழப்பம். கட்டியா வார்த்து தண்ணில முக்கி அளந்தா ரெண்டும் அவ்வளவு பக்கத்துல பக்கத்துல வருது, வார்ப்புல ஒரு பொத்தல் இருந்தா போதும் முடிவு மாறிரும். கடைசில இந்த டப்பாக் கணக்க வச்சுதான் ஆஸ்மியம் 22.59, இரிடியம் 22.56ன்னு தீர்ப்பு சொன்னாங்க. டப்பாவோட பக்கத்த எக்ஸ்ரே வச்சுத்தான் அளப்பாங்க, எப்படின்னு பின்னாடி சொல்லுதேன், எக்ஸ்ரே டப்பாவத்தான் பாக்கும், பொத்தலப் பாக்காது.

இப்போ ஈயம். மச்சான் போட்டுல வலையோட அடியில கட்டுற ஈயம் திண்ணைலயே கிடந்துச்சு, எடுத்து அவ கைல கொடுத்தேன். ஈய அணுவோட எடை 207, தங்கம் 197. அணுவுக்கு அணு வச்சா தங்கத்த விட ஈயம்தான் கனம்! அடுக்குனதும் அதே எஃப்சிசி, அதே நாலு அணு. பின்ன ஏன் ஈயத்துக்கு 11.3, தங்கத்துக்கு 19.3? இங்கதான் மருமவ சொன்ன நெருக்கம் வருது. ஈய டப்பாவோட பக்கம் 4.95. தங்கம் 4.08. பாத்தா பெரிய வித்தியாசம் மாதிரி தெரியாது, ஆனா மூணு தடவ பெருக்கணும், ஈயத்துக்கு 121, தங்கத்துக்கு 68. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வீடு, அதே நாலு பேரு. 828.8ஐ 73.04ஆல வகுத்தா 11.35. ஈய அணுக்கள் ஒண்ண ஒண்ணு இறுக்கிப் பிடிக்கதில்ல, வெளிக்கூட்டுல நாலு எலக்ட்ரான் இருந்தும் ரெண்டு பிணைப்புல பெருசா சேராம ஒதுங்கியே நிக்கும், 327 டிகிரிலயே உருகுறதுக்கும் நகத்தால கீறுனா கோடு விழுறதுக்கும் இந்தப் பிடிப்பில்லாத்தனம்தான் காரணம். ஆக அலுமினியம் தங்கம் கதைல லோடு வேற டப்பா ஒண்ணு, ஈயம் தங்கம் கதைல லோடு ஒண்ணு டப்பா வேற. ரெண்டயும் பக்கத்துல வச்சுப் பாக்காம ஃபார்முலாவ மட்டும் ஓதிட்டுப் போனா மார்க் வரும், வேற ஒண்ணும் வராது.

மூணாவதா ஒரு கேசு இருக்கு, லோடும் வேற, டப்பாவும் வேற, அடுக்கும் வேற, ஆனா விடை ஒண்ணு. டங்ஸ்டன். பிசிசி, ரெண்டே அணு, பக்கம் 3.165, அணு எடை 183.84. போட்டுப் பாத்தா 19.26. தங்கத்துக்கு 19.29. சிரிப்பா இருக்கும் ஆனா விஷயம் சிரிப்பில்ல, தங்கக் கட்டிக்குள்ள டங்ஸ்டன வச்சு ஏமாத்துறது உலகம் பூரா நடந்திருக்கு, ஆர்க்கிமிடீஸ் மாதிரி தண்ணில முக்கி எடை பாத்தா மாட்டாது. நம்ம வடசேரில கோயில் நகை செய்யுற ஆசாரிமாருக்கு இந்தப் பயம் அவ்வளவா வேண்டாம், டங்ஸ்டன் 3400 டிகிரிக்கு மேல போனாத்தான் உருகும், தங்கம் 1064லயே உருகிரும், பட்டறைல உருக்குனா குட்டு உடைஞ்சுரும், தட்டுனாலும் தங்கம் மாதிரி தகடா விரியாது. நகைல நடக்குற கலப்பு வேற மாதிரி. செம்பும் வெள்ளியும் சேரும், 22 காரட்ல எட்டுல ஒரு பங்குக்கும் குறைவுதான் சேக்குறாங்க, நூத்துக்கு எட்டேகால் மாதிரி, அதுக்கே அடர்த்தி 19.3லேருந்து 17.6க்கும் 18க்கும் நடுவுல இறங்கிரும். செம்பு கூட இருந்தா 17.6 பக்கம், வெள்ளி கூட இருந்தா 18 பக்கம். காரணம் அதே டப்பாதான், தங்கம் நிக்க வேண்டிய சில இடத்துல லேசான ஆளு வந்து நிக்கான். ஒரு பவுன் சொக்கத் தங்கத்துல, அதாவது எட்டு கிராம்ல, சுமார் 2.4 × 10²² அணு இருக்கு. இத அக்காகிட்ட சொன்னேன், "அதுல எத்தனைய அந்தக் கடைக்காரன் சேதாரம்னு எடுத்தான்னு கணக்கு போட்டுச் சொல்லு"ன்னா.

சரி, டப்பாவோட நீளம் 3.615ன்னு யாரு போய் அளந்தா? 1912ல லாவேன்னு ஜெர்மனிக்காரர் படிகத்து மேல எக்ஸ்ரே விட்டா அது புள்ளி புள்ளியா சிதறும்னு காட்டினாரு. அடுத்த வருஷமே இங்கிலாந்துல பிராக்னு அப்பாவும் மகனும் சேந்து, அந்தச் சிதறலோட கோணத்துலேருந்து அணு வரிசைக்கு நடுவுல உள்ள தூரத்தக் கண்டுபிடிக்குற வழியச் சொன்னாங்க. 1915ல ரெண்டு பேருக்கும் நோபல், மகனுக்கு அப்போ வயசு 25. ஆனா ஒரு சிக்கல் இருந்துச்சு. தூரம் தெரியணும்னா எக்ஸ்ரேயோட அலைநீளம் தெரியணும், அலைநீளம் தெரியணும்னா தூரம் தெரியணும். இத எப்படி அவுத்தாங்கன்னா நம்ம ஃபார்முலாவத் தலைகீழாப் போட்டாங்க. எடுத்த படிகம் உப்பு. சாப்பாட்டு உப்புதான், புத்தளத்துலயும் சாமித்தோப்புலயும் பாத்திபாத்தியா விளையுற அதே சமாச்சாரம். உப்போட அடர்த்தி 2.16னு தராசு வச்சே தெரியும், எடை 58.44, டப்பாக்குள்ள நாலு ஜோடி, அப்போ டப்பாவோட கன அளவு எவ்வளவுன்னு பின்னாடி போனா பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ராம். அத வச்சு எக்ஸ்ரேயோட அலைநீளம், அந்த அலைநீளத்த வச்சு மத்த உலோகத்தோட டப்பா எல்லாம். அதாவது நம்ம பிள்ளைங்க டப்பாலேருந்து அடர்த்திக்குப் போறாங்க, வரலாறு அடர்த்திலேருந்து டப்பாவுக்குப் போச்சு.

இதுல ஒரு கிளைக்கதை. அந்தக் கணக்குக்கு அவகேட்ரோ எண் வேணும், அது அப்போ மில்லிகன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி எண்ணெய்த்துளி வச்சு அளந்த எலக்ட்ரான் மின்னூட்டத்துலேருந்து வந்துச்சு. பின்னாடி எக்ஸ்ரே அலைநீளத்த படிகத்தோட உதவி இல்லாம, கோடு கீறுன தகட்ட வச்சு நேராவே அளந்தாங்க, ரெண்டும் ஒத்துப்போகல. தப்பு எங்கன்னு தோண்டிப் போனா மில்லிகன் எடுத்துக்கிட்ட காத்தோட பாகுத்தன்மை மதிப்புல சின்னப் பிசகு. எண்ணெய்த்துளில நடந்த தப்ப உப்புக்கல்லு காட்டிக் கொடுத்திருக்கு பாருங்க. அப்புறம் இதே முறைய இன்னும் சுத்தமாக்கி, சிலிக்கான் 28னு ஒரே ஐசோடோப்ப, அதாவது எல்லா அணுவும் ஒரே எடை உள்ள சிலிக்கான வச்சு ஒரு கிலோ எடைல பளிங்கு மாதிரி உருண்டை செஞ்சு, விட்டம் சுமார் 94 மில்லிமீட்டர், டப்பா 5.43 ஆங்ஸ்ட்ராம், டப்பாக்கு எட்டு அணு, எண்ணிக்கைய எண்ணியே பாத்துட்டாங்க. 2019 மே 20லேருந்து அவகேட்ரோ எண்ண 6.02214076 × 10²³ன்னு இனி மாறாதுன்னு நிலையா வச்சுட்டாங்க, அதுக்கு இந்த உருண்டையும் ஒரு காரணம்.

பட்டறைல கிடக்குற நிஜ உலோகம் இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்குமான்னா அடங்காது. அங்கங்க ஒரு அணு இல்லாம காலியிடம் இருக்கும், ஆனா அது ரொம்பக் கம்மி, உருகப் போற நேரத்துலயே செம்புல பத்தாயிரத்துக்கு ஒண்ணு ரெண்டுதான். அடர்த்திய நிஜமா குறைக்கது வார்ப்புல மாட்டுன காத்துப் பொத்தலும் கலப்பும்தான், அந்த அலுமினியச் சட்டியவே அறுத்துப் பாத்தா ஊசிமுனை ஊசிமுனையா பொத்தல் தெரியலாம். சூடும் சேரும். கொல்லன் உலைல இரும்ப வச்சு ஊதுறான்ல, 912 டிகிரி தாண்டுனதும் சுத்த இரும்பு பிசிசிலேருந்து எஃப்சிசிக்கு மாறும், 68 சதவீத அடுக்குலேருந்து 74க்கு, சூடாக்கச் சூடாக்க விரிஞ்சுட்டு வந்த இரும்பு அந்த இடத்துல மட்டும் சுமார் ஒரு சதவீதம் சுருங்கும். ஏன் ஒரு சதவீதம் மட்டும், அடுக்கு 68லேருந்து 74க்குப் போனா எட்டு ஒன்பது சதவீதம் சுருங்க வேண்டாமான்னு கேட்டா நீங்க கவனமா படிக்கீங்கன்னு அர்த்தம், எஃப்சிசில ஒரு அணுவுக்குச் சுத்தி பன்னெண்டு பக்கத்து வீடு, பிசிசில எட்டுதான், கூட்டம் கூடுனதும் ஒவ்வொருத்தரும் கொஞ்சம் தள்ளி நிக்கான். உருண்டை உருண்டையா வரையுற படத்துல இது வராது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. தங்கத்துக்குள்ள 79 எலக்ட்ரான், வெள்ளிக்குள்ள 47. முப்பத்திரண்டு எலக்ட்ரான் கூட இருந்தும் டப்பா ஏன் பெருசாகல? இதுக்குப் பதில் எங்கூரு கடக்கரைல கிடக்கு, நிஜமாவே. தனிம அட்டவணைல வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நடுவுல லாந்தனம் தொடங்கி லுட்டீசியம் வரைக்கும், அணு எண் 57லேருந்து 71 வரைக்கும், அருமண் கூட்டம் ஒண்ணு நுழையுது. அந்த வழில உள்ள சேந்த எலக்ட்ரான்களுக்கு அணுக்கருவோட இழுப்ப மறைக்கத் தெரியாது, பனையோலை வேலி மாதிரி ஓட்டை ஓட்டையா நிக்கும், அதனால கரு வெளி எலக்ட்ரான இன்னும் இறுக்கமா இழுத்துக்கும். அதோட தங்கத்துல உள்கூட்டு எலக்ட்ரான் ஒளியோட வேகத்துல பாதிக்கு மேல ஓடுது, ஐன்ஸ்டீன் கணக்குப்படி அதனாலயும் அணு இன்னும் சுருங்குது. இது ரெண்டும் இல்லேன்னா தங்க டப்பா வெள்ளி டப்பாவ விட நல்லாவே பெருசா இருந்திருக்கும், இவ்வளவு கனமும் இருந்திருக்காது. அந்த அருமண் கூட்டத்துல சீரியம், லாந்தனம், நியோடிமியம் எல்லாம் மணவாளக்குறிச்சி மோனசைட் மணல்ல இருக்கு. 1909ல ஷாம்பெர்க்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட் திருவிதாங்கூர்லேருந்து போன கயிறுல ஒட்டிட்டு இருந்த மணலப் பாத்துதான் இதக் கண்டுபிடிச்சாரு, நாம தென்னைலேருந்து ஆரம்பிச்சோம்ல, கயிறும் தென்னைதான். அதே மோனசைட்லதான் தோரியமும் இருக்கு, எஃப்சிசி, பக்கம் 5.084, எடை 232, கணக்கு போட்டா 11.73, தங்கத்த விட கனமான அணு ஆனா பெரிய டப்பா, ஈயத்தோட கூட்டாளி. மணல் அள்ளுற விவகாரம் பெரிய விவகாரம், கரைல உள்ளவங்களுக்கு அதுல கோவமும் பயமும் இருக்கு, அத இந்தக் கணக்கோட சேத்துப் பேசுனா ரெண்டும் கெடும், தனியா எழுதணும்.

மறுநா சாயங்காலம் மருமவளயும் கூட்டிட்டு அந்தப் பக்கம் போனேன். கரைல கருப்பு மணல் திட்டு திட்டா கிடக்கும் பாத்திருப்பீங்க. வெள்ளை மணல் குவார்ட்ஸ், அடர்த்தி 2.65, கருப்புல பெரும்பாலும் இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேந்த தாது, 4.7 பக்கம். கடல் தண்ணிக்குள்ள ரெண்டுக்கும் ஒரு சிசிக்கு ஒரு கிராம் மாதிரி கழிஞ்சு போகும், மிச்சம் 1.6க்கு 3.7, அப்போ ஒண்ணு இன்னொண்ணுக்கு எத்தனை மடங்குங்கிறது இன்னும் கூடுது, அலை ஏறும்போது எல்லாத்தையும் தூக்கிட்டு வரும், இறங்கும்போது லேசானத மட்டும் இழுத்துட்டுப் போகும், வருஷக்கணக்கா சலிச்சுச் சலிச்சு கடல் போட்ட திட்டு அது. ரெண்டு கைலயும் ரெண்டு மணல அள்ளிட்டு "இந்தக் கை தாழுது மாமா"ன்னா.

உடனே ஃபோன எடுத்துட்டா, இல்மனைட்டுக்கும் டப்பா இருக்குமான்னு கேட்டா. இருக்கு, ஆனா கனசதுரம் இல்ல, அறுகோணம், கன அளவு எடுக்கணும்னா பக்கத்த வர்க்கம் பண்ணி உயரத்தால பெருக்கி அப்புறம் 0.866ஆல பெருக்கணும். முதல்ல அந்த மணல்லேருந்து வர டைட்டானியத்துக்கே போடச் சொன்னேன், அதுவும் அறுகோணம்தான், பக்கம் 2.951, உயரம் 4.685, ரெண்டு அணு, எடை 47.87. 4.50 வந்துச்சு, புத்தகத்துல 4.51. அப்புறம் இல்மனைட், இரும்பு ஒண்ணு டைட்டானியம் ஒண்ணு ஆக்சிஜன் மூணு, சேத்து 151.7, டப்பாக்குள்ள அப்படி ஆறு, பக்கம் 5.088, உயரம் 14.09. நின்ன நிலைல போட்டா, 4.79.

"ஆனா இது சுத்தமா இருந்தாத்தானே மாமா?" ஆமா. சுத்த இல்மனைட்ல டைட்டானியம் டையாக்சைடு 52.65 சதவீதம் இருக்கணும், மணவாளக்குறிச்சி இல்மனைட்ல 55 கிட்ட இருக்கும், காலாகாலமா தண்ணியும் வெயிலும் பட்டு இரும்பு கொஞ்சம் கரைஞ்சு போயிருக்கு. இரும்பு போன இடம் காலியா நிக்கதுனால 4.79ஐ விட கொஞ்சம் குறையத்தான் செய்யும். எவ்வளவு குறையும்னு பாக்கணும்னு அக்காவோட அடுக்களைத் தராச எடுத்து வச்சிருக்கா, அதுக்கு ஒரு கிராமுக்கு கீழ காட்டத் தெரியாதுன்னு சொல்லியும் கேக்க மாட்டேங்கா.